தாமிரபரணிக் கரை ஊராட்சிகளுக்கு: வெள்ளத்தில் மூன்று நாள் தனித்து நிற்பது எப்படி

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. தாமிரபரணி கரை புரண்டது, குளங்கள் வரிசையாக உடைந்தன, சாலை போனது, மின்சாரம் போனது, செல்போன் கோபுரங்களும் செத்துப்போயின. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தோடு நின்றது. தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லியே இல்லை. சுமார் 800 பயணிகள். மீட்புப் படையும் ஹெலிகாப்டரும் வந்து சேரும்வரை அவர்களுக்குச் சோறு போட்டது பக்கத்து ஊர் மக்கள்.

எழுதி வைத்திருக்கும் பேரிடர்த் திட்டங்கள் பலவற்றில் முதல் மணி நேரத்திலேயே வெளியிலிருந்து படகு வந்துவிடும், ஜெனரேட்டர் வந்துவிடும். ஆறு அப்படி வழிவிடுவதில்லை. ஆகவே ஊராட்சித் தலைவர், தலைவர் இல்லாத காலத்தில் தனி அலுவலர், செயலர், கிராம நிர்வாக அலுவலர் எல்லாரும் ஒரே கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும்: 72 மணி நேரம் யாரும் வரமாட்டார்கள் என்றால் நம்மிடம் என்ன இருக்கிறது?

எந்தத் தண்ணீரைக் கவனிப்பது

வெள்ளம் என்றதும் எல்லாரும் கேட்பது "பாபநாசத்தில் எவ்வளவு திறந்திருக்கிறார்கள்?" என்பதுதான். பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு மூன்றின் நீர்மட்டமும் திறப்பும் தெரிந்திருக்க வேண்டும்தான். அது பாதிக் கணக்கு. அணைகளுக்குக் கீழே திருப்புடைமருதூர்ப் பக்கம் கடனா நதி வந்து சேர்கிறது. அப்புறம் பச்சையாறு, சீவலப்பேரியில் சிற்றாறு. இவை கொண்டுவரும் தண்ணீர் பாபநாசம் கணக்கில் வராது. 2023-இல் மிக அதிக மழை பெய்தது கீழ்ப் பகுதியில்தான். "அணையில் குறைவாகத்தான் விடுகிறார்கள்" என்று நிம்மதியாகப் படுத்த ஊர் விடிவதற்குள் மூழ்கலாம்.

மூன்று எண்களைத் தினமும் குறித்து வையுங்கள். ஒன்று, அணைகளின் மொத்தத் திறப்பு. இரண்டு, உங்களுக்கு மேலே உள்ள அணைக்கட்டில் ஓடும் அளவு: ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே இருப்பவர்களுக்கு மருதூர், மருதூர்க்காரர்களுக்குச் சுத்தமல்லி. மூன்று, உங்கள் ஊர்க் குளத்தின் மட்டம். இந்த மூன்றாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வடகால், தென்கால் வாய்க்கால்களின் குளங்கள் ஒன்றின் மறுகால், அதாவது நிறைந்து வழியும் தண்ணீர், அடுத்ததற்குப் போகும் சங்கிலி. மேல் குளம் உடைந்தால் கீழ் குளம் தாங்காது. மேல் குளத்துக் கரையில் நிற்கும் ஒருவரின் போன் நம்பர் உங்கள் கையில் இருந்தால், ஆற்றுச் செய்தி வருவதற்கு முன்னாலேயே குளத்துச் செய்தி வந்துவிடும்.

அணைத் திறப்பில் ஒரு கன அடி என்றால் விநாடிக்கு ஒரு கன அடி ஓடுவது, அதாவது 28.3 லிட்டர். ஒரு லட்சம் கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால் 8.64 டிஎம்சி, அதாவது 864 கோடி கன அடி. ஊர் மக்களுக்கு இந்தக் கணக்கு உதவாது. "ஒரு லட்சம் விட்டிருக்கிறார்கள்" என்று மைக்கில் சொன்னால் பயம் வரும், முடிவு வராது. "இன்று இரவு 10 மணிக்குக் கீழத்தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும்" என்றால் கிளம்புவார்கள். எண்ணைத் தெருவாக மாற்றிச் சொல்வதுதான் உள்ளாட்சியின் வேலை.

ஊருக்கென்று கோடுகள்

வைகை அணையில் 66 அடி வந்தால் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. எந்த அடியில் என்ன செய்வது என்று முன்பே தீர்மானித்திருப்பதால் அந்த நேரத்தில் யாரும் யாரையும் கேட்டு நிற்க வேண்டியதில்லை. அதே முறையை ஊராட்சிக்குக் கொண்டுவாருங்கள்.

பாலத்துத் தூணிலோ படித்துறைச் சுவரிலோ 10 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்டு அளவுகோல் வரையுங்கள். இரவில் டார்ச் அடித்தால் தெரியும் பெயிண்ட் வேண்டும். 1992 நவம்பரில் தண்ணீர் வந்த இடத்தையும் 2023 டிசம்பரில் வந்த இடத்தையும் வயதானவர்களைக் கேட்டு, பழைய சுவர்க் கறையைப் பார்த்து அதில் குறியுங்கள். அப்புறம் தயாராவதற்கு மஞ்சள், மக்களைக் கிளப்பச் சிவப்பு என்று இரண்டு கோடுகள்.

சிவப்புக் கோடு எங்கே என்பதில்தான் தவறு நடக்கிறது. வீட்டுக்குள் தண்ணீர் நுழையும் மட்டத்தைச் சிவப்பு என்று வைத்துவிடுகிறார்கள். அதற்குள் ஊரை விட்டு வெளியேறும் சாலையின் தாழ்ந்த இடம், பெரும்பாலும் ஓடைமேல் உள்ள தரைப்பாலம், மூழ்கியிருக்கும். ஆகவே முதலில் அந்தத் தாழ்ந்த இடத்தைக் கண்டுபிடியுங்கள். ஒன்றிய அலுவலக மேற்பார்வையாளரை அழைத்து ஆட்டோ லெவல் என்னும் மட்டம் பார்க்கும் கருவி வைத்துப் பார்த்தால் அரை நாளில் முடியும் வேலை.

அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். தாழ்ந்த தெருக்களில் 300 பேர் என்று வைத்துக்கொள்வோம். டிராக்டர் மூன்று, ஒரு நடைக்கு ஒன்றில் 25 பேர், போய்வர 40 நிமிடம். நான்கு சுற்று, 2 மணி 40 நிமிடம். கதவைத் தட்டிப் பேசிக் கிளப்ப ஒரு மணி நேரம். இரவும் மழையும் சேர்ந்தால் ஒன்றரை மடங்கு. ஆக ஐந்தரை மணி நேரம்; 6 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆற்று மட்டம் மணிக்கு 30 சென்டிமீட்டர் வீதம் ஏறும் என்றால், சாலை மூழ்கும் மட்டத்துக்கு 180 சென்டிமீட்டர் கீழே சிவப்புக் கோடு வர வேண்டும். அந்த இடத்தைப் பார்த்தால் "இவ்வளவு கீழேயா?" என்று தோன்றும். தோன்றட்டும். கோட்டை மேலே ஏற்றாதீர்கள்.

யார் சொல்வதை யார் செய்வது

மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் ஆட்சியர். களத்தில் வட்டாட்சியர். அவருக்குக் கீழே மண்டலக் குழுக்கள். ஊருக்குள் கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சிச் செயலரும். சிக்கல் எங்கே வரும் என்றால், ஷட்டர் நீர்வளத்துறையுடையது, டிரான்ஸ்பார்மர் மின்வாரியத்துடையது, பாலம் நெடுஞ்சாலைத்துறையுடையது, பள்ளிக்கூடச் சாவி தலைமையாசிரியரிடம். ஒவ்வொருவரும் தம் மேலதிகாரியின் உத்தரவுக்குக் காத்திருந்தால் நான்கு வேலையும் நிற்கும்.

அக்டோபர் முதல் வாரத்திலேயே எல்லாரையும் ஒரே அறையில் உட்கார வைத்து ஒரு தாள் எழுதுங்கள். மஞ்சள் கோட்டில் யார் என்ன செய்கிறார், சிவப்பில் யார் என்ன செய்கிறார், அவர் வரமுடியாவிட்டால் யார். பெயர், போன், வீடு எங்கே. பதவி மட்டும் எழுதிய தாள் நள்ளிரவில் உதவாது. லேமினேட் செய்து ஊராட்சி அலுவலகம், முகாம், ரேஷன் கடை, செயலர் வீடு என நான்கு இடத்தில் ஒட்டுங்கள். வருவாய்த்துறையிடம் முதல்நிலைப் பொறுப்பாளர்கள், அதாவது ஆபத்தில் முதலில் உதவ வேண்டிய ஊர்க்காரர்கள், பட்டியல் இருக்கும்; அதில் உள்ளவர்கள் ஊரில்தான் இருக்கிறார்களா, வெளியூர் போய்விட்டார்களா என்று ஒருமுறை போன் போட்டுப் பாருங்கள்.

டிராக்டர், ஜேசிபி, படகு, ஜெனரேட்டர் இவற்றை அவசரத்தில் கையகப்படுத்தும் அதிகாரம் 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 65-ஆம் பிரிவின்படி மாவட்ட ஆணையத்திடமும் அது அதிகாரம் அளித்தவர்களிடமும் இருக்கிறது. ஊராட்சி தானாகச் செய்ய முடியாது. ஆகவே உடைமையாளரோடு வாடகை, டீசல், ஓட்டுநர் எல்லாம் முன்கூட்டியே பேசி, வட்டாட்சியரிடம் எழுத்தில் வாங்கி வையுங்கள். போன தடவை வாடகை பாக்கி இருந்தால் இந்தத் தடவை வண்டி வராது. பாக்கியை முதலில் தீருங்கள்.

ஒரு நோட்டு போடுங்கள்: நேரம், யார் சொன்னது, என்ன சொன்னது, என்ன செய்தோம், கையெழுத்து. வாட்ஸ்அப் இதற்கு மாற்றாகாது. அதில்தான் "அணை உடைந்துவிட்டது" என்ற செய்தியும் வரும். மைக்கில் பேசுவது ஒரே குரலாக இருக்கட்டும். மற்ற யார் சொன்னாலும் நோட்டில் ஏறி, 1077-இல் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையிடம் கேட்டு உறுதியானபின்தான் மைக்குக்குப் போக வேண்டும்.

செல்போன் கோபுரத்தின் பேட்டரி மின்சாரம் போய்ச் சில மணி நேரம்தான் தாங்கும். டீசல் தீர்ந்தால் ஜெனரேட்டரும் நின்றுவிடும். அதற்குப்பின் தொடர்புக்குக் காவல் நிலைய வயர்லெஸ் இருக்கிறதா, இல்லையென்றால் எந்த மேட்டு வழியாக யார் பைக்கிலோ நடந்தோ செய்தி கொண்டுபோவது, எத்தனை மணிக்கு எந்த இடத்தில் சந்திப்பது என்று முடிவு செய்யுங்கள். காலை 7, பகல் 1, மாலை 6 என்று நேரம் வைத்தால் செய்தி வராததே ஒரு செய்தியாகும்.

மஞ்சள் கோடு தொட்டவுடன்

மேல்நிலைத் தொட்டியை நிரப்பி, வெளியேறும் வால்வை மூடுங்கள். இதைவிட முக்கியமான வேலை அந்த ஒரு மணி நேரத்தில் இல்லை. 30,000 லிட்டர் தொட்டி நிறைந்து வால்வு திறந்தே இருந்தால், கீழே எங்கோ குழாய் உடைந்து விடிவதற்குள் தொட்டி காலி. மூடி வைத்துக் காலை அரை மணி, மாலை அரை மணி மட்டும் திறந்தால் மூன்று நாள் ஓடும். தொட்டி இயக்குபவர் வெளியே மாட்டிக்கொண்டால் வால்வைத் திருப்பத் தெரிந்த இன்னொருவர் வேண்டும். 7.5 குதிரைத்திறன் மோட்டாருக்கு 15 முதல் 20 கேவிஏ ஜெனரேட்டர் தேவை. சின்னதைக் கொண்டுவந்தால் ஸ்டார்ட் ஆகும்போதே அடங்கிவிடும்.

ரேஷன் கடை அரிசி மூட்டைகளைத் தரையிலிருந்து எடுத்து மாடிக்கோ முகாமுக்கோ மாற்ற வேண்டும். இதற்கு வட்ட வழங்கல் அலுவலரின் சம்மதம் முன்பே வாங்கியிருங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 400 கிராம் என்றால் 500 பேருக்கு மூன்று நாளைக்கு 600 கிலோ அரிசி. பருப்பு 90 கிலோ. உப்பும் தீப்பெட்டியும் மறந்துபோகும் சாமான்கள்.

கிராம சுகாதார செவிலியரிடம் கர்ப்பிணிகள் பதிவேடு இருக்கிறது. பிரசவ நாள் இரண்டு வாரத்துக்குள் இருப்பவர்களை அன்றே ஆம்புலன்ஸில் மருத்துவமனைக்கு அனுப்புங்கள். தண்ணீர் சூழ்ந்தபின் 108 வராது. டயாலிசிஸ் செய்துகொள்பவர்களும் அதே வண்டியில். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை வாங்குவோர் பட்டியல் 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளரிடம் இருக்கும். ஒரு வார மாத்திரையை முன்கூட்டியே கொடுக்கச் சொல்லுங்கள். இன்சுலினுக்கு ஐஸ் பெட்டி.

ஆற்றுக்கரை வடிகால் ஷட்டர்களை ஆள் விட்டுப் பார்க்க வேண்டும். ஆற்று மட்டம் ஊர் வடிகாலைவிட உயர்ந்துவிட்டால் தண்ணீர் திரும்பி ஊருக்குள் ஏறும். அப்போது ஷட்டரை இறக்க வேண்டும். இறக்கினால் ஊரில் பெய்யும் மழை வெளியேற வழியில்லை. அதற்கு டீசல் பம்பு வேண்டும். துருவேறிய திருகு, காணாமல்போன கைப்பிடி, உள்ளே சிக்கிய கருவேல மரக்கட்டை, இந்த மூன்றில் ஒன்று எப்போதும் இருக்கும். செப்டம்பரிலேயே கிரீஸ் போட்டு முழுசாக ஏற்றி இறக்கிப் பாருங்கள்.

மக்களைக் கிளப்புவது

தண்டோரா போடும் வழக்கம் விடப்பட்டுவிட்டது. ஆட்டோவில் ஒலிபெருக்கி, கோயில், பள்ளிவாசல், சர்ச் மைக் எல்லாவற்றிலும் ஒரே வாசகம் போகட்டும். இப்படி: "ஆற்றில் தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டது. கீழத்தெரு, காலனித் தெரு, படித்துறைத் தெரு ஆட்கள் சாயங்காலம் 4 மணிக்குள் மேல்நிலைப் பள்ளிக்கு வந்துவிட வேண்டும். டிராக்டர் அம்மன் கோயில் முக்கில் நிற்கிறது. ரேஷன் கார்டு, மாத்திரை, ஒரு செட் துணி போதும். மாடுகளை இப்போதே மேட்டுத் தோப்புக்கு ஓட்டிவிடுங்கள்."

கடைசி வரிதான் பாதிப் பேரைக் கிளப்பும். மாட்டை விட்டுவிட்டு வரமாட்டேன் என்பவரிடம் வாதாடிப் பயனில்லை. மாட்டுக்கு இடம் காட்டினால் அவரே வருவார். ஒரு மாட்டுக்கு நாளைக்கு 5, 6 கிலோ வைக்கோல். நேரமில்லாமல் போனால் கயிற்றை அவிழ்த்துவிடச் சொல்லுங்கள். கட்டிய மாடு கட்டிய இடத்திலேயே சாகும், அவிழ்த்த மாடு நீந்தும்.

வீடு வீடாகப் போகிறவர் கையில் குடும்பப் பட்டியல் இருக்க வேண்டும். கிளம்பிய வீட்டுக் கதவில் சுண்ணாம்பில் ஒரு குறி, வரமறுத்த வீட்டில் வேறு குறி. முகாமில் வந்தவர்களை எண்ணி இந்தப் பட்டியலோடு ஒப்பிட்டால்தான் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று தெரியும். முடிந்தவரை பகல் வெளிச்சத்தில் முடியுங்கள்.

தரைப்பாலத்தின் இரு பக்கமும் தடுப்பு வைத்து, ஆளையும் நிறுத்துங்கள். தடுப்பு மட்டும் இருந்தால் பைக்கில் வருபவர் நகர்த்திவிட்டுப் போவார். வேகமாக ஓடும் தண்ணீர் கணுக்கால் அளவுக்குச் சற்று மேல் வந்தாலே நிற்கும் ஆளைச் சாய்க்கும். இரண்டடி இருந்தால் காரையே தூக்கும்.

படகு வந்துவிட்டால் மீனவர் சொல்வதைக் கேளுங்கள், ஏற்றும் ஆள் கணக்கு உட்பட. தெருவுக்குள் எஞ்சினை நிறுத்திக் கழியும் கயிறுமாகத்தான் போக வேண்டும். மூழ்கிய கம்பி வேலியும் துணிக்கொடியும் புரொப்பல்லரில் சுற்றும். அதற்குமுன் அந்தப் பகுதி மின் இணைப்பு துண்டிக்கப்பட்டதா என்று லைன்மேன் வாயால் கேட்டு நோட்டில் எழுதுங்கள். விளக்கு எரியவில்லை என்பதற்காக மின்சாரம் இல்லை என்று முடிவு செய்யக் கூடாது.

கரையில் நிற்பவர்களுக்கு

குளத்துக் கரையின் வெளிப்பக்கம் அடியில் ஊற்று கிளம்பினால் முதலில் ஒரு வெள்ளைக் குவளையில் அந்தத் தண்ணீரைப் பிடித்துப் பாருங்கள். தெளிவாக இருந்தால் கசிவு. ஆள் போட்டுக் கவனித்தால் போதும். கலங்கலாக, மண் படிகிறது என்றால் கரையின் உள்ளே மண் கரைந்து வெளியேறுகிறது. அதை அடைக்கக் கூடாது. அடைத்தால் அழுத்தம் வேறு இடத்தில் பீறிடும். ஊற்றைச் சுற்றி வட்டமாக மணல் மூட்டை அடுக்கி உள்ளே தண்ணீரை நிற்க விடுங்கள். வட்டத்துக்குள் மட்டம் உயர உயர ஊற்றின் வேகம் தணிந்து தண்ணீர் தெளியும். தெளிந்தவுடன் நிறுத்தி, அந்த மட்டத்தில் ஒரு வழிவிட்டு வடிய விடுங்கள். நீர்வளத்துறை உதவிப் பொறியாளருக்கு அந்த நிமிடமே சொல்லுங்கள்.

மூட்டையில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்குவரைதான் மணல். முட்ட நிரப்பி இறுகக் கட்டிய மூட்டை கல்லுபோல நிற்கும், இடுக்கு அடைபடாது. வாயை மடித்து அடியில் கொடுத்து, செங்கல் கட்டுவதுபோல இணைப்பு மாற்றி அடுக்கி, ஒவ்வொரு வரிசையையும் மிதித்துவிட வேண்டும். 100 அடி நீளத்துக்கு 2 அடி உயரம் எழுப்ப ஏறக்குறைய 2,000 மூட்டை, 10 யூனிட் மணல் ஆகும். அடி அகலம் உயரத்தைப்போல் இரண்டு, மூன்று மடங்கு இல்லையென்றால் சரிந்துவிடும். இந்தக் கணக்கைப் பார்த்தாலே தெரியும், மழை நாளில் சாக்கு தேடுவது வீண். சவுக்குக் கம்பும் சாக்கும் மணலும் கரையருகில் மேட்டில் முன்பே குவிந்திருக்க வேண்டும்.

தம் பக்கத்தைக் காப்பாற்ற எதிர்க்கரையை வெட்டிவிடும் ஆட்களும் வருவார்கள். கரையை வெட்டுவதா, எங்கே என்பதைப் பொறியாளரும் ஆட்சியரும்தான் முடிவு செய்ய வேண்டும். இரவில் கரையில் போலீஸ் ஒருவர் நிற்பது மூட்டையைவிடப் பயன் தரும்.

முகாம்

தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் அளவுகோல்படி ஆளுக்கு 3.5 சதுர மீட்டர் இடம், 3 லிட்டர் குடிநீர், 30 பேருக்கு ஒரு கழிப்பறை. 20-க்கு 20 அடி வகுப்பறையில் இந்தக் கணக்குக்குப் பத்துப் பேர்தான் படுக்கலாம். முதல் இரவு முப்பது பேர் நெருக்கிப் படுத்துக்கொள்வார்கள். மூன்றாம் நாளும் அப்படியே என்றால் காய்ச்சலும் சண்டையும் வரும். ஆகவே இரண்டாவது கட்டடத்தை இப்போதே பார்த்து வையுங்கள். எல்லாத் தெருக்காரர்களும் தயக்கமில்லாமல் நுழையக்கூடிய கட்டடமாக இருக்கட்டும். ஒரு சமூகத்துக்குச் சொந்தமான மண்டபத்தைத் தேர்ந்தால் சிலர் வெள்ளத்திலேயே நிற்பார்கள். அது ஊராட்சியின் குற்றம்.

பெண்களுக்குத் தனி அறை, கழிப்பறை வழியில் விளக்கு, நாப்கின். கைக்குழந்தைக்குப் பால் பவுடர். சமையல் சத்துணவுக் கூடத்தில். காய்ந்த விறகு உள்ளே.

தண்ணீரில் குளோரின் இல்லாமல் ஒரு குடமும் போகக் கூடாது. வழக்கமான அளவு 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர். கலங்கல் தண்ணீருக்கு அது போதாது. வாளியில் கரைத்துப் பத்து நிமிடம் தெளியவிட்டு, மேல் தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்றி ஒரு மணி நேரம் கழித்துக் கடைசிக் குழாயில் குளோரின் அளவு காட்டும் குளோரோஸ்கோப்பால் பாருங்கள். 0.5 பிபிஎம் (லிட்டருக்கு 0.5 மில்லிகிராம்) காட்ட வேண்டும். காட்டவில்லையென்றால் அளவைக் கூட்டுங்கள். போன வருடம் திறந்த மூட்டையில் வீரியம் பாதிகூட இருக்காது.

தண்ணீர் வடிந்தபின்

வீடு திரும்பச் சொல்வதற்கு முன் மூன்று அனுமதி: மின் கம்பியைப் பார்த்த லைன்மேன், பாலத்தைப் பார்த்த பொறியாளர், குடிநீரைப் பார்த்த சுகாதார ஆய்வாளர். பாலத்தின் மேல்தளம் நன்றாகத் தெரியும், அணுகுசாலை அடியில் மண்ணே இருக்காது.

செத்த ஆடுமாடுகளைப் புதைக்குமுன் காது வில்லை தெரியப் படம் எடுத்து, கால்நடை மருத்துவரின் சான்று வாங்குங்கள். பேரிடர் நிதியில் நிவாரணம் உண்டு; 2023-இல் அது கறவை மாட்டுக்கு 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000 ரூபாய். சான்று இல்லாமல் அவசரத்தில் புதைத்துவிட்டு அலைந்த குடும்பங்கள் ஏராளம். குழி ஆறடிக்குக் குறையாமல், சுண்ணாம்பு போட்டு, கிணறுகளுக்குத் தள்ளி.

சுவரைக் கழுவுவதற்கு முன் ஒரு வேலை. தண்ணீர் நின்ற கறை ஒவ்வொரு தெருவிலும் ஓரிரு வாரம்தான் இருக்கும். ஒருவர் பெயிண்ட் டப்பாவோடு போய் அந்த மட்டத்தில் கோடு இழுத்துத் தேதியும் நேரமும் எழுதட்டும். தூணில் உள்ள அளவுகோலில் அது எத்தனை என்று நோட்டில் ஏற்றி, சிவப்புக் கோட்டைத் திரும்பக் கணக்குப் போட்டு, தேவையென்றால் இன்னும் கீழே இறக்கிப் போடுங்கள்.